அலங் சாலையின் கப்பல் சாமான் கடைகள்: பாத்திரம் வாங்கலாம், பலகை வேண்டாம்

குஜராத்தில் பாவ்நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் அலங். ஆயுள் முடிந்த கப்பல்களை உடைக்கும் கடற்கரை. வழியில் த்ராபஜ் என்ற ஊரைத் தாண்டியதுமே சாலையின் இரண்டு பக்கமும் கடைகள் தொடங்கிவிடும். கப்பலின் இரும்பெல்லாம் உருட்டாலைக்குக் கம்பியாகப் போய்விட, மிச்சமிருக்கிற கட்டில், மெத்தை, கோப்பை, குளிர்பெட்டி, கயிறு, உயிர்காப்புப் படகு எல்லாம் இங்கே வந்து குவிகிறது. சின்ன ஓட்டலோ விடுதியோ தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல காயலான் கடை வீதி இந்தியாவில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சமையலறைச் சாமான்களுக்குத் தாராளமாக முழு மதிப்பெண் போடலாம். கப்பல் சமையலறையின் எவர்சில்வர் மேசை, தொட்டி, பெரிய தட்டுகள் எல்லாம் கனமான தகடு, தட்டினாலே தெரியும். மரச்சாமான்களும் அப்படித்தான். நான் வாங்கிய சாப்பாட்டு மேசையின் நான்கு ஓரத்திலும் விரல் கனத்துக்கு ஒரு விளிம்பு எழும்பி நிற்கிறது, கப்பல் ஆடும்போது தட்டு வழுக்கி விழாமல் இருக்க. கூட வந்த அலமாரியின் இழுப்பறைகளைச் சும்மா இழுத்தால் வராது, கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதோடு ஒருமுறை மல்லுக்கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். விலை அடிமாட்டு விலை இல்லை, கப்பல் சாமானுக்கு மவுசு இருக்கிறது என்று கடைக்காரர்களுக்கும் தெரியும். சொன்னதில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மின்சாதனம் வாங்கும்போது மட்டும் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். கப்பலில் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம், நம் வீட்டில் 50. மோட்டார் உள்ள சாமான் மெதுவாகச் சுற்றும், சூடாகும். 110 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் பிளக்கில் செருகிய உடனே கதை முடிந்தது. உயிர்காப்புச் சட்டைகள் குவியலாகக் கிடக்கும், சுவரில் மாட்டிவைக்க ஆசையென்றால் சரி, அதை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இனி வயிற்றெரிச்சல். ஒரு கடையின் பின்பக்கம் கேபின் சுவர்ப் பலகைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள், மேலே பளபளப்பான தகடு, உடைந்த மூலையில் சாம்பல் நிற நார் பிய்ந்து தொங்குகிறது. பக்கத்திலேயே ஒரு பையன் முகத்தில் துணிகூடக் கட்டாமல் வாடிக்கையாளர் சொன்ன அளவுக்கு ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். "தீயே பிடிக்காது பாய், அலுவலகத் தடுப்புக்கு அருமையா இருக்கும்" என்றார் கடைக்காரர். தீப்பிடிக்காததுதான் எனக்குப் பயம், உள்ளே இருப்பது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கப்பலில் புதிதாகக் கல்நார் பொருத்துவதற்கு 2002 ஜூலையில்தான் சர்வதேச விதி பெருமளவு தடை போட்டது, 2011இல்தான் முழுத்தடை. இப்போது உடைக்க வருகிற கப்பல்களில் பல அதற்கும் முன்னால் கட்டியவை. அந்த நார் கல்நாரா, கல்லை உருக்கி நூற்ற வெறும் பாறைக் கம்பளியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். கல்நாராக இருந்தால் அதன் தூள் நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். தீத்தடுப்புக் கதவு, குழாய்மேல் சுற்றிய உறை, குழாய் இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் பழைய கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

எந்தக் கப்பலிலிருந்து வந்தது, அபாயப் பொருள் பட்டியல் இருக்கிறதா என்று நான்கைந்து கடைகளில் கேட்டேன். சிரித்தார்கள். ஆனால் அப்படி ஒரு பட்டியல் இருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்பான கப்பல் உடைப்புக்கான ஹாங்காங் ஒப்பந்தம் 2009இல் ஏற்கப்பட்டு, ஒருவழியாக 2025 ஜூன் 26 அன்று அமலுக்கு வந்தது. இந்தியா 2019லேயே அதில் சேர்ந்து தனிச் சட்டமும் போட்டது. கப்பலில் கல்நார் எங்கே, பிசிபி என்ற நச்சு ரசாயனம் எங்கே என்று எழுதிய பட்டியல் இல்லாமல் உடைக்கக் கூடாது. ஒப்பந்தப்படி நடப்பதாகச் சான்றிதழ் வாங்கிய யார்டுகள், அதாவது கப்பல் உடைக்கும் களங்கள், அலங்கில் நிறையவே உண்டு. கான்கிரீட் தளம், கிரேன், பயிற்சி என்று 1983இல் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் பெரிதுதான், பெரிய அலையில் கப்பலைக் கரையேற்றி மணலில் வைத்தே உடைப்பது மட்டும் அப்படியே தொடர்கிறது. சரி, யார்டுக்குள் இவ்வளவு கவனம் எடுத்துவிட்டு அதே கப்பலின் பலகை வாசலைத் தாண்டியதும் யாரும் ஒரு தாள்கூடக் கேட்பதில்லை என்றால் அந்தச் சான்றிதழால் ரம்பம் பிடித்த பையனுக்கு என்ன லாபம்?

பாத்திரம், மரச்சாமானுக்கு 5க்கு 4. பலகைக்குப் பூஜ்யம்.

அப்புறம், யார்டுக்குள் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், குஜராத் கடல்சார் வாரியத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வாங்கியதற்கு ஜிஎஸ்டி ரசீது கேட்டு வாங்குங்கள், வழியில் லாரியை நிறுத்தினால் அதுதான் கைகொடுக்கும். ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் பாவ்நகர் வந்து பார்சல் சர்வீசில் நீங்களே பேசுவது நல்லது, கடைக்காரர் சொல்லும் வாடகை கையைக் கடிக்கும்.