வியட்நாம் காபி ஃபில்டர் என்று தகரத்தை அனுப்பிவிட்டார்கள், ஜெர்மனியில் இருப்பவர்கள் கவனம்

46 யூரோ 90 சென்ட். இரண்டு வியட்நாம் காபி ஃபில்டருக்கும் அரைக் கிலோ காபிப் பொடிக்கும் ஒரு ஆன்லைன் கடைக்கு நான் கட்டிய பணம் அது. கைக்கு வந்தது துருப்பிடிக்கிற தகரம். பணம் போனது ஒரு பக்கம், என்ன கதை சொல்லி விற்றார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஜெர்மனியில் சின்ன ஊர்களில் இருந்துகொண்டு பாதிப் பொருளை ஆன்லைனிலேயே வாங்குகிற நம்மவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

இங்கே வருவதற்கு முன் வேலைக்காக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் இருந்தேன். அந்த ஊர்க் காபியைப் பழகிவிட்டால் அதை விடுவது கஷ்டம். ஃபின் என்கிற அந்த ஃபில்டர் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்: ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதன்மேல் ஒரு குவளை, பொடியை அழுத்த உள்ளே ஒரு சல்லடை, மேலே மூடி. நம் ஊர் ஃபில்டர் போலக் கீழடுக்கு கிடையாது, நேராக கிளாஸ் மேலேயே வைத்துவிடுவார்கள், அடியில் கண்டென்ஸ்டு மில்க் காத்திருக்கும். பொடியைப் போட்டு, முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அரை நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் குவளை நிறைய ஊற்றினால் நாலைந்து நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த நாலைந்து நிமிடம் முழுக்க முழுக்க உள்ளே இருக்கிற சல்லடை குவளையின் சுவரோடு எவ்வளவு ஒட்டி உட்காருகிறது, ஓட்டைகள் எவ்வளவு சிறியவை என்பதில்தான் இருக்கிறது. அது சரியில்லை என்றால் கலங்கல் தண்ணீர்தான் வரும்.

என்னிடம் இருந்தது வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டது. இந்த ஊரில் ஆசியக் கடை கிடையாது. தேடியதில் கிடைத்தது ஒரு இணையக் கடை, ஜெர்மன் மொழியில், கீழே ஜெர்மன் கொடி எல்லாம் போட்டு. 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம். கடைக்காரர்களின் அப்பா எண்பதுகளில் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாகக் கிழக்கு ஜெர்மனிக்கு வந்தாராம், துணி ஆலையில் வேலை பார்த்தாராம், பெர்லின் சுவர் விழுந்ததும் வேலை போய், மளிகைக் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தாராம், இப்போது பிள்ளைகள் ஊரிலிருந்து ஃபின் வரவழைத்து விற்கிறார்களாம். கூடவே ஒரு பெரியவரின் படம், கையில் கிளாஸ்.

இதை நான் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. இது நடந்த கதை, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நடந்தது. 1980-இல் கிழக்கு ஜெர்மனிக்கும் வியட்நாமுக்கும் ஒப்பந்தம் ஆகி, 1989 வாக்கில் ஏறக்குறைய 60,000 வியட்நாமியர் கிழக்கு ஜெர்மனியில் வேலையில் இருந்தார்கள். 1977-இல் காபித் தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்ட கிழக்கு ஜெர்மனி, பிறகு வியட்நாமின் டாக் லாக் மாகாணத்தில் காபித் தோட்டம் போடவே பணமும் இயந்திரமும் கொடுத்தது. தோட்டம் நன்றாக விளைய ஆரம்பித்த நேரத்தில் கிழக்கு ஜெர்மனி என்கிற நாடே இல்லை. இதையெல்லாம் ஹோ சி மின் நகரத்தில் இருந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர்களில் ஒருவருடைய மாமா அப்படி வந்தவர்தான்.

போதாததற்கு வாங்குவதற்கு முன் சாட்டில் ஒரு கேள்வி கேட்டேன், சல்லடை திருகுகிற மாதிரியா, சும்மா மேலே வைக்கிற மாதிரியா என்று. உடனே பதில் வந்தது: 'சும்மா வைப்பதுதான், திருகுகிறது பொடி உப்பினால் இறுகிப்போகும், எங்கள் வீட்டிலும் இதையேதான் பயன்படுத்துகிறோம்.' விஷயம் தெரிந்த ஆள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பது? துருப்பிடிக்காத எஃகு, வியட்நாமின் புவோன் மா துவோட் ஊரின் ரோபஸ்டா வகைக் காபிப் பொடி, ஹாம்பர்கிலிருந்து மூன்று நாளில் வரும் என்றார்கள். 46 யூரோ 90 சென்ட் கட்டினேன்.

வாரக்கணக்கில் எதுவும் வரவில்லை. கடைசியில் சீனாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது, பெட்டிகூட இல்லை. ஒரு குவளை நசுங்கியிருந்தது. சல்லடைக்கும் குவளைச் சுவருக்கும் நடுவே விரல் நுனி போகிற அளவு இடைவெளி, ஊற்றிய வெந்நீர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் பொடியோடு சேர்ந்து கிளாஸில் இறங்கிவிட்டது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன், மறுநாள் காலை ஓட்டைகளைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு. அதில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குடிக்க வேண்டும் என்று ஒருவர் விற்கிறார். பொடி அதைவிட மோசம், காலாவதி தேதிமேல் இன்னொரு ஸ்டிக்கர், உரித்தால் கீழே பழைய தேதி.

படம் எடுத்து அனுப்பினேன். அன்பான வாடிக்கையாளரே, மன்னிக்கவும், 10 சதவீதம் தருகிறோம், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றேன். 15. பிறகு 20, 'எங்கள் சிறு குடும்பத் தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள்' என்ற வரியோடு. துருவைப் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை, ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் வேறு ஆள், முதலிலிருந்து சொல்ல வேண்டும். முழுப் பணமும் வேண்டும் என்று அடித்துச் சொன்னதும் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு முகவரி தந்தார்கள். ஹாம்பர்க் இல்லை, சீனாவில் ஒரு கிடங்கு. தபால் நிலையத்தில் விசாரித்தேன், ட்ராக்கிங்கோடு அனுப்பும் செலவே கிட்டத்தட்ட நான் கட்டிய 46 யூரோ 90-ஐத் தொட்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த முகவரியைத் தருகிறார்கள். பணம் கட்டிய இடைச் சேவையிடம் போனால், 'பார்சல் சேர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது, விற்றவர் சொன்ன முகவரிக்கு அனுப்பிய சான்றைக் காட்டுங்கள்' என்று அதே சுவரில் கொண்டுபோய் முட்டவைக்கிறார்கள். அந்தப் பெரியவரின் படத்தைத் தேடிப் பார்த்தேன், அதே படம் வேறொரு பெயரில் ஒரு தேயிலைக் கடையில் இருக்கிறது, அங்கே அவர் வேறு நாட்டுக்காரர். யாரோ உழைத்துக் களைத்த வாழ்க்கையைத் திருடி அதன்மேல் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முகவரியும் பொறுப்பாளர் பெயரும் போட்ட பக்கத்தை ஜெர்மன் கடைகள் சட்டப்படி வைத்தாக வேண்டும், அது இல்லாத கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு, ஆனால் திருப்பி அனுப்பும் முகவரி எந்த நாடு என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதிப் பணம் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அதையே காட்டுவார்கள். ஃபின் வேண்டுமென்றால் ஏதாவது பெரிய ஊருக்குப் போகும்போது வியட்நாம்காரர் நடத்தும் மளிகையில் கையில் எடுத்துச் சல்லடையை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். பெர்லின் என்றால் லிஷ்டன்பெர்கில் இருக்கும் டோங் சுவான் சந்தை, சாதாரண அலுமினிய ஃபின் சில யூரோதான்.

நேற்று 35 சதவீதம் வரை ஏறியிருக்கிறார்கள். நுகர்வோர் மையத்துக்கு எல்லாப் படங்களையும் சாட் பதிவுகளையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். எனக்கு வேண்டியது 46 யூரோ 90 சென்ட், முழுதாக. இதே பெரியவரின் படத்தோடு வேறு ஏதாவது கடையைப் பார்த்தவர்கள் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.