இனாரி: நான்கு மொழிப் பெயர்ப்பலகை உள்ள ஊர்

ஜூன் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் பின்லாந்தின் வடக்கே இருக்கும் இனாரியில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். மொரீசியஸிலிருந்து போக அலைச்சல்தான். ஹெல்சின்கி போய், அங்கிருந்து இவாலோவுக்கு இன்னொரு விமானம், அப்புறம் பஸ்ஸில் 40 கிலோமீட்டர்.

ஊர் என்றால் ஒரு சாலை, சில கடைகள், சில விடுதிகள், பக்கத்தில் 1,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரிய ஏரி, அவ்வளவுதான். கடைத்தெரு சுற்ற ஆசைப்படுபவர்களுக்கு இது சரிப்படாது.

ஆனால் அந்தப் பெயர்ப்பலகையை என்னால் மறக்க முடியவில்லை. ஃபின்னிஷில் இனாரி, வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்களின் மூன்று மொழிகளில் அனார், ஆனார், ஆனர். நான்குமே அங்கே ஆட்சிமொழி! நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்து வளர்ந்தவள் நான், பலகை முன்னாலேயே நின்றுவிட்டேன். அதில் இனாரி சாமி மொழியைப் பேசுபவர்கள் சில நூறு பேர்தான். 1997-ல் ‘மொழிக்கூடு’ என்று ஒன்று தொடங்கினார்கள். பெரியவர்கள் நாள் முழுக்க அந்த மொழியில் மட்டுமே பேசுகிற குழந்தைகள் காப்பகம் அது. வீட்டில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒரு பாடம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு கூடு வேண்டும் என்று இரண்டு நாளாக இவரிடம் இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

சாமி மக்களின் சீடா (Siida) அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். ஹெல்சின்கி தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த 2,000-க்கும் மேற்பட்ட சாமிப் பொருட்களை 2021-ல் இவர்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 2024-ல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதும் கிடைத்தது.

பியெல்பாயார்வி தேவாலயம் 1760-ல் கட்டியது, முழுக்க மரம். சாலையே கிடையாது. காரை நிறுத்திவிட்டு வேரும் கல்லுமான காட்டுப் பாதையில் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நடந்தால் புல்வெளி நடுவில் தனியாக நிற்கிறது, கதவு பூட்டுவதில்லை. கொசு மொய்க்கும், முகத்துக்கு வலை இல்லாமல் போகாதீர்கள்.

சாப்பாட்டில் சால்மன் சூப் அருமை: உருளைக்கிழங்கு, பால், மேலே சோயிக்கீரை, தொட்டுக்கொள்ள வெண்ணெய் தடவிய கம்புநிற ரை ரொட்டி. காரம் துளிகூட இல்லை, கொண்டுபோன மிளகாய் அசார் ஊறுகாய்தான் கைகொடுத்தது.

ஒரே குறை நாங்கள் எடுத்த குடில். அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை, அப்படியிருந்தும் ஜன்னலில் மெல்லிய துணி மட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். கேட்டதற்கு “பார்க்கிறோம்” என்றதோடு சரி. முதல் இரவு கண்ணை மூடவே முடியவில்லை, மறுநாளிலிருந்து கம்பளியை ஜன்னலில் கட்டித்தான் தூங்கினோம். கோடையில் போவதானால், தடித்த திரைச்சீலை உண்டா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.