டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம், கேப் டவுன்: இடித்த ஊரைத் தரையில் எழுதியவர்கள்

கேப் டவுனுக்குச் செல்பவர்கள் டேபிள் மலைக்கும் ராபன் தீவுக்கும் நாள் ஒதுக்கிவிட்டு, நகரின் நடுவே பைட்டன்கான்ட் தெருவில் ஒரு பழைய மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் இயங்கும் இந்த அருங்காட்சியகத்தை மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். என் பரிந்துரை, இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள் என்பதே.

1867இல் நகரின் ஆறாவது வட்டம் (டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்) எனப் பெயர் பெற்ற இப்பகுதியில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரும் துறைமுகத் தொழிலாளரும் கைவினைஞரும் சிறு வணிகரும் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் கொண்டு, 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு இதை வெள்ளையருக்கான பகுதியாக அறிவித்தது. 1980களின் தொடக்கத்திற்குள் 60,000க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே கேப் பிளாட்ஸ் என்னும் மணற்பாங்கான சமவெளிக்குப் பெயர்க்கப்பட்டனர். மசூதிகளும் தேவாலயங்களும் சில கட்டடங்களும் நீங்கலாக ஊர் முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. (டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டப் பயிர் செய்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை அப்புறப்படுத்தியதும் இதே சட்டம்தான்.)

1994 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் உயிர்நாடி, கூடத்தின் தரையை நிறைத்து வரையப்பட்டிருக்கும் தெரு வரைபடம். இங்கே வாழ்ந்தவர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குடும்பப் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துகள் ஒன்றுபோல் இல்லை. சில எழுத்துகள் தெருவின் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. வரைபடத்தில் அவ்வூரின் முதன்மைத் தெருவான ஹானோவர் தெருவை ஒட்டி நின்று பார்த்தால், கடை எது, திரையரங்கு எது, யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு என்பதை அரசின் நில ஆவணத்தைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் இவர்களே என்பது விளங்கும்.

அருகே மேலிருந்து கீழாகத் தொங்குபவை பழைய தெருப் பெயர்ப் பலகைகள். இடிப்புப் பணியில் இருந்த ஒருவர், இடிபாடுகளோடு அவையும் போய்விடாமல் தம் வீட்டில் பல ஆண்டுகள் வைத்திருந்து பின்னர் ஒப்படைத்தார். நீண்ட வெள்ளைத் துணி ஒன்றும் உண்டு. வருகிறவர்கள் அதில் பெயரையும் நினைவுகளையும் பேனாவால் எழுத, அவை அழியாதிருக்கும்பொருட்டு எழுத்தின் மேலேயே நூலால் தையல் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பொருளை வைத்துக் கீழே நான்கு வரி விளக்கம் எழுதும் வழக்கத்திலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. ஊரை இழந்தவர்களே இங்கே காட்சியை உருவாக்குகிறார்கள்.

வழிகாட்டி இல்லாமல் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெடுங்காலம் இங்கே வழிகாட்டியாக இருந்த முன்னாள் குடியிருப்பாளர் ஒருவர், புது வீட்டிலிருந்து பறக்கவிட்ட தம் புறாக்கள் திரும்பி வரவில்லை என்றும், மறுநாள் அவை இடிக்கப்பட்ட பழைய வீட்டின் மனையில் வந்து இறங்கியிருந்ததைக் கண்டதாகவும் சொல்லிவந்தார். அத்தகைய பேச்சுக்கு எந்தப் பலகையும் ஈடாகாது. அந்தத் தலைமுறை முதுமையடைந்துவிட்டது என்பதால், அவர்களிடமிருந்து நேரில் கேட்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது.

ஒரே ஒரு குறை சொல்வேன். 1901இல் பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கறுப்பின ஆப்பிரிக்கர்கள் இங்கிருந்து முதலில் விரட்டப்பட்ட வரலாறு, 1966ஐப் போலவே கனமானது. அது அருங்காட்சியகத்தின் கவனத்துக்கு வெளியே இல்லை; ஆனால் ஒரு முறை மட்டும் வந்து செல்பவர் மனத்தில் பதியும் அளவுக்கு அதற்குப் பெரிய இடம் வேண்டும் என்பது என் கருத்து.

கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் திரும்பிவிடாமல், இடிக்கப்பட்ட ஊர் இருந்த மேட்டுப் பகுதிக்கு நடந்து செல்லுங்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பெரும் பரப்பு புல்தரையாகவே கிடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11 அன்று முன்னாள் குடியிருப்பாளர்கள் ஊர்வலமாக வந்து ஆளுக்கொரு கல்லை வைத்துச் செல்லும் கற்குவியலும் அங்கேதான் இருக்கிறது; அந்த நாளில் ஊரில் இருக்க நேர்ந்தால் தவறவிடாதீர்கள். 1970இல் சோனபுளூம் என்று மாற்றப்பட்ட பெயர் 2019இல் மீண்டும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் ஆனது. ஆனால் 2004இல் திரும்பி வந்த முதல் முதியவர்களுக்கு வீட்டுச் சாவி வழங்கப்பட்ட பிறகும், மீள்குடியேற்றத்துக்கு உரிமை கோரியவர்களில் பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். வழிகாட்டியிடம் இதைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்.

வழிகாட்டியோடு பார்ப்பதற்கும் வெளியே நடந்து சுற்றுவதற்கும் முன்பதிவு செய்துகொண்டு செல்வது நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். தரை வரைபடத்தில் அவர்களுக்கும் தேடிப் படிக்க ஏராளம் இருக்கிறது.