பழைய தையல் மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த உடைகள் மறக்காது. அலங்கரித்த வண்டிகளின் மேல் முருகனாகவும் காளியாகவும் வேஷம் கட்டி நிற்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த உடைகளை முன்பு அம்மா தைத்தார், இப்போது நான் தைக்கிறேன். அம்மா தைத்த மெஷினைத்தான் போன வைகாசியில் ஏமாந்து கொடுத்துவிட்டேன். இந்த வருஷமும் கடைகளில் எக்ஸ்சேஞ்ச் பேனர் கட்டிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது கறுப்பு இரும்பு ஹெட் (பலகைக்கு மேலே ஊசியோடு இருக்கும் தைக்கும் பாகம்) வைத்த கால் மெஷின். நேர்த் தையல் மட்டும்தான் போடும். ஆனால் வெல்வெட், அடியில் கேன்வாஸ், லைனிங், மேலே ஜரிகைப் பட்டை என்று நான்கு மடிப்பு வைத்தாலும் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகும். சாட்டின்தான் தொல்லை. வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும், கையால் ஓரம் அடித்து மாளாது. இழுத்தால் நீளும் லைக்ராத் துணியில் நேர்த் தையல் போட்டால், பிள்ளை கையைத் தூக்கியதுமே நூல் அறுந்துவிடும். இந்த இரண்டுக்காகத்தான், வளைந்து வளைந்து தையல் போடும் ஜிக்ஜாக் மெஷின் தேடி டவுனில் ஒரு கடைக்குப் போனேன்.

என்னென்ன துணி, எத்தனை உடை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "வெல்வெட் என்னக்கா, ஜீன்ஸே தைக்கும். டெய்லருங்களே இதத்தான் வாங்கறாங்க. பழசக் குடுத்துடுங்க, ஆயிரத்தி ஐநூறு கழிச்சிக்கறேன்" என்றார் கடைக்காரர். விலை 14,500.

தைத்துக் காட்டியது அவர் டிராயரில் இருந்து எடுத்த வெள்ளைத் துணியில். கஞ்சி போட்டது போல விறைப்பாக இருந்தது. அந்த மாதிரித் துணியில் எந்த மெஷினும் முத்து முத்தாகத் தைக்கும். நூலின் டென்ஷன் (இறுக்கம்) சரியில்லாவிட்டாலும் துணி சுருங்காது, குறையே தெரியாது. என் பையில் வெல்வெட் துண்டு இருந்தது. அதை எடுத்து நீட்டாமல் விட்டேனே என்று இன்றும் வயிறு எரிகிறது.

மூன்றாவது உடையில், மார்புப் பட்டை தைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம். ஊசி மேலும் கீழும் போகிறது, தையல் விழவில்லை. அம்மாப்பேட்டை மெக்கானிக் அடியில் மூடியைக் கழற்றியதும் அரிசி மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியைச் சுழற்றும் நைலான் பல்சக்கரத்தில் நான்கு பல் மழுங்கிப் போயிருந்தன. "இது சுடிதார், பிளவுஸ் தைக்கிற மெஷின்மா" என்றார் அவர்.

கடையில் கேட்டால், "ஆர்டர் எடுத்துத் தைக்கிறீங்க, வீட்டு உபயோகத்துக்குத்தான் வாரண்டி" என்றார்கள். துணிச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு தைப்பவள் நான். வாரண்டி கார்டைப் புரட்டினால் சீல் இல்லை, தேதி இல்லை. என்னிடம் இருந்தது பில்லே இல்லை, எஸ்டிமேட் சீட்டு. கழித்த 1,500 அதில் இல்லவே இல்லை. என் கண் முன்னால், அந்தச் சுவரோரம் அம்மாவின் ஹெட் புதுக் கறுப்புப் பெயின்ட்டில் மின்னிக்கொண்டு நின்றது. விலைச் சீட்டு 6,500.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பணம் ஜிபே-யில் போயிருந்ததும், பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் கைகொடுத்தன. பல்சக்கரத்தை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அம்மாவின் மெஷின் அதற்குள் விற்றுவிட்டது. தைத்துப் பிழைப்பவர்களும் பயப்பட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

புது மெஷின் மோசம் என்று நான் சொல்லவில்லை. சாட்டின் ஓரத்துக்கு ஜிக்ஜாக், லைக்ராவுக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி போட்டால் அருமையாகத் தைக்கிறது. இப்போது அந்த வேலைக்கு மட்டும்தான் அதைத் தொடுகிறேன். கனமான மடிப்புக்கு, தொழிலை விட்ட ஒரு டெய்லரிடம் 4,000-க்குப் பழைய ஹெட் ஒன்று வாங்கினேன். இந்த முறை பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன், ஒரு இடத்தில் பிடித்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். ஊசி பிடிக்கும் கம்பி தேய்ந்து லூஸாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். பெயின்ட் புதிதாக இருக்கிறதா, அடியில் விரிசலைப் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்களா என்று விரலால் தடவினேன். 16-ம் நம்பர் ஊசி போட்டு, என் வெல்வெட்டையே நான்கு மடிப்பாக நானே தைத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பேட்டரி குட்டி மெஷின்கள் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். போன ஆனியிலோ ஆடியிலோ சேலத்தில் புதுப் பெயின்ட் அடித்த பழைய கால் மெஷின் யாராவது வாங்கியிருந்தால், பலகையின் முன் விளிம்பைப் பாருங்கள். ஒரு அடி நீளப் பித்தளை ஸ்கேல் ஆணி அடித்திருக்கும், மூன்றாவது ஆணி மட்டும் வளைந்திருக்கும். அப்பா அடித்தது. நீங்கள் கொடுத்த விலையையே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.