ஒரு நட்பு, மூன்று ரிப்ளிகள்

பாட்ரிசியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' நாவலின் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். நியூயார்க்கில் சில்லறை ஏமாற்று வேலைகளால் காலம் தள்ளும் டாம் ரிப்ளி என்ற இளைஞனைக் கப்பல் கட்டும் தொழிலில் செல்வம் சேர்த்த ஒருவர் தேடி வருகிறார். இத்தாலியக் கடற்கரையில் வீடெடுத்துத் தங்கிக்கொண்டு ஊர் திரும்ப மறுக்கும் தன் மகன் டிக்கி கிரீன்லீஃபை எப்படியாவது பேசி அழைத்துவரும்படி செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறார். போன இடத்தில் டாம் டிக்கியோடு ஒட்டிக்கொள்கிறான். அவனுடைய சட்டை, மோதிரம், பேச்சு, வீடு என்று எல்லாவற்றின் மீதும் பித்தாகிறான். ஒரு நாள் படகில் வைத்து அவனைக் கொன்றுவிட்டு, அவன் பெயரிலேயே வாழத் தொடங்குகிறான்.

இந்தக் கதைக்கு முக்கியமான மூன்று திரை வடிவங்கள் இருக்கின்றன. ரெனே க்ளெமோன் 1960-இல் பிரெஞ்சு மொழியில் எடுத்த 'ப்ளேன் சொலேய்' முதலாவது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை 'பர்ப்பிள் நூன்' என்ற பெயரில் அறிவார்கள். அந்தோனி மிங்கெல்லா நாவலின் பெயரிலேயே 1999-இல் எடுத்தது இரண்டாவது. ஸ்டீவன் ஸெய்லியன் எழுதி இயக்கி, 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதிகளாக வந்த 'ரிப்ளி' மூன்றாவது. மூன்றும் தரமானவை என்பதால் எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு நடிப்பையோ ஒளிப்பதிவையோ அளவுகோலாக வைத்து விடை காண முடியாது. நான் வைக்கும் அளவுகோல் வேறு: ஒரு நட்பு எந்த இடத்தில் நஞ்சாகிறது என்பதை மூன்றில் எது நம் கண்முன் காட்டுகிறது? இதைப் பேச முடிவுகளையும் பேச வேண்டியிருப்பதால், கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

1960 படம் தொடங்கும்போதே நட்பு கெட்டுப்போயிருக்கிறது. டிக்கிக்கு இதில் பிலிப் என்று பெயர். மோரிஸ் ரோனே நடித்திருக்கிறார். மகனை சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்து வந்தால் 5,000 டாலர் தருவதாகத் தந்தை சொல்லியிருக்கிறார். ஆலன் டெலான் நடித்த டாமுக்கு அந்தப் பணம்தான் கண்ணில் நிற்கிறது. பிலிப்புக்கோ டாம் ஒரு விளையாட்டுப் பொருள். ரோம் நகரத் தெருவில் பார்வையற்ற ஒருவரிடமிருந்து ஊன்றுகோலை விலைக்கு வாங்கி அதை வைத்துக் கூத்தடிக்கும் அந்த மனிதனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? படகில் பிலிப்பின் காதலி மார்ஜோடு மூவருமாகச் சாப்பிடும்போது, மீனைக் கத்தியால் வெட்டுவது நாகரிகம் இல்லை என்றும், கத்தியைப் பிடித்திருக்கும் விதமும் தவறு என்றும் டாமுக்குப் பாடம் எடுக்கிறான். சொல்லும் தொனி மென்மையாகவே இருக்கிறது. டெலான் முகத்தில் ஒன்றும் அசைவதில்லை. ஆனால் கத்தியைப் பற்றி அந்தப் படகில் பேசப்பட்டுவிட்டது என்பதைப் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

அதன் பிறகு பிலிப் அவனைச் சிறு தோணியில் இறக்கிப் பெரிய படகின் பின்னால் கட்டி இழுக்கிறான். கயிறு அறுந்து, கொளுத்தும் வெயிலில் டாம் கடலில் தனியே மிதக்கிறான். மீட்கும்போது அவன் முதுகு வெந்து கிடக்கிறது. பிரெஞ்சுத் தலைப்புக்கு 'முழு வெயில்' என்று பொருள்; அந்த முதுகுதான் அந்தத் தலைப்பு. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு டாம் கொல்லும்போது, கொலையை ஏற்க முடியாவிட்டாலும் அதன் காரணம் நமக்கு விளங்கிவிடுகிறது. என் பார்வையில் இதுவே படத்தின் பலம், இதுவே அதன் எல்லையும். இங்கே நஞ்சு பணக்காரன் கையிலிருந்து ஏழையின் மேல் சொட்டுகிறது. இருவரும் ஒருவரையொருவர் நேசித்த ஒரு மணி நேரத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. போதாததற்கு டெலான் அந்தப் படத்தில் எல்லாரையும்விட அழகாக இருக்கிறார். இவனுக்கு இல்லாதது பணம் மட்டும்தான் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

மிங்கெல்லா இங்கேதான் வழி பிரிகிறார். அவருடைய டாமை, அதாவது மாட் டேமனை, வெயிலே படாத வெளுத்த உடம்போடு, கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை நிறக் குட்டை உடையில் கடற்கரை மணலில் நடக்க விடுகிறார். எதிரே பொன்னிறமாகக் காய்ந்த உடலோடு ஜூட் லா படுத்திருக்கிறார். நாவலில் ஓவியம் வரையும் டிக்கி, இந்தப் படத்தில் ஜாஸ் இசைப் பித்தனாகிறான். டாம் ஊரிலிருந்து புறப்படும் முன்பே, தனக்குப் பிடிக்காத ஜாஸ் இசைத்தட்டுகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு, வாசிப்பவர் பெயரைச் சொல்லப் பழகுகிறான். பிறகு டிக்கியின் எதிரே பையிலிருந்து அந்தத் தட்டுகளைத் தவறிப்போய் விழுந்தவைபோலச் சிதறவிடுகிறான். நட்பின் முதல் கணமே பொய்யில் ஊன்றப்படுகிறது. ஆனால் அந்தப் பொய்க்குப் பிறகு வரும் சந்தோஷம் பொய்யில்லை. நேப்பிள்ஸ் நகர இரவு விடுதியில் டிக்கி அவனை மேடையேற்றிப் பாட வைக்கும்போது டேமனின் முகத்தில் தெரிவது நடிப்பு என்றே தோன்றாது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னையும் ஒருவர் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார் என்ற திகைப்பு அது.

டிக்கியின் காதலி மார்ஜ் ஓரிடத்தில் டாமிடம் ஆறுதலாகச் சொல்கிறாள்: டிக்கி ஒருவரைக் கவனிக்கும்போது வெயில் முழுவதும் அவர் மேல் அடிப்பதுபோல இருக்கும், மறந்துவிட்டால் கடுங்குளிர். இதை அனுபவித்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். பள்ளியிலோ விடுதியிலோ முதல் வேலையிலோ அப்படி ஒரு நண்பர் வாய்த்திருப்பார். அவர் நம்மை ஒதுக்கிய நாளை இன்றும் தேதியோடு சொல்ல முடியும். படத்தில் அந்த நாள் ரோமில் வருகிறது. டிக்கியின் நண்பன் ஃப்ரெடி (ஃபிலிப் ஸீமர் ஹாஃப்மன்) சிவப்பு நிறக் காரில் வந்து இறங்கிய நிமிடமே டாம் வேண்டாதவனாகிறான். இசைத்தட்டுக் கடையின் கண்ணாடி அறைக்குள் டிக்கியும் ஃப்ரெடியும் ஒன்றாகப் பாட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். டாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் அவனைத் திட்டவில்லை, வெயிலில் கட்டி இழுக்கவும் இல்லை. 1960 படத்தின் தோணியைவிட இந்தக் கண்ணாடி அறை எனக்கு அதிகம் வலித்தது.

தமிழில் தீ நட்பையும் கூடா நட்பையும் வேறு பிரித்துச் சொல்வார்கள். குறளில் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரங்களே இருக்கின்றன. தீயவரோடு கொள்ளும் உறவு முன்னது. உள்ளம் ஒட்டாமல் வெளியே மட்டும் ஒட்டியிருப்பது பின்னது. க்ளெமோனின் படம் முன்னதைக் காட்டுகிறது, ஸெய்லியனின் தொடர் பின்னதைக் காட்டுகிறது. மிங்கெல்லாவின் படம் இரண்டிலும் அடங்காது, ஏனென்றால் அங்கே ஒருவன் மெய்யாகவே நேசித்திருக்கிறான்; தன் நேசத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரியாததால்தான் கொலையில் போய் முடிகிறான்.

ஸெய்லியனின் தொடரில் டாமாக வரும் ஆண்ட்ரூ ஸ்காட்டும் டிக்கியாக வரும் ஜானி ஃப்ளின்னும் நாவலின் இளைஞர்களைவிடக் கணிசமாக வயது முதிர்ந்தவர்கள். இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்க முடியாது. இருபத்தைந்து வயதில் இன்னொருவனைப்போல ஆக வேண்டும் என்று ஏங்குவது வளர்ச்சியின் ஒரு பகுதி; அதே ஏக்கம் நாற்பதைத் தொட்டவனிடம் இருந்தால் அவனுக்குள் எதுவுமே இல்லை என்ற அச்சம் பிறக்கிறது. ஸ்காட் அந்த வெறுமையை மிகத் துல்லியமாக நடித்திருக்கிறார். அமால்ஃபிக் கடற்கரையின் அட்ரானி என்ற சிற்றூரின் படிக்கட்டுகளில் மூச்சிரைக்க ஏறி இறங்கும் அவரை, கறுப்பு வெள்ளையில், தொலைவிலிருந்து ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது ராபர்ட் எல்ஸ்விட்டின் கேமரா. டகோட்டா ஃபானிங் நடித்த மார்ஜுக்கு அவன் மேல் முதல் நாளே சந்தேகம் வந்துவிடுகிறது. நமக்கும்தான். இங்கே கெட்டுப்போவதற்கு முதலில் நட்பு என்று ஒன்று இருக்க வேண்டுமே.

மூன்றிலும் வரும் ஒரு காட்சியை அடுத்தடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். நண்பன் இல்லாத நேரத்தில் டாம் அவனுடைய உடைகளை அணிந்து பார்க்கிறான், நண்பன் வந்துவிடுகிறான். டெலான், பிலிப்பின் குரலில் பேசிக்கொண்டே கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை முத்தமிடுகிறார். அவருக்குத் தன் மேலேயே மயக்கம். ஸ்காட்டின் டாம், எதிரே இல்லாத மார்ஜிடம் டிக்கியின் குரலில் பேசிப் பார்க்கிறான். பின்னால் போட வேண்டிய வேடத்துக்கான ஒத்திகை அது. டேமனோ இசைத்தட்டைச் சுழலவிட்டு, டிக்கியின் கோட்டு மேலே, காற்சட்டை இல்லாத கால்கள் கீழே என்று குழந்தைபோல ஆடிக்கொண்டிருக்கிறார். கதவு திறந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிகிறார். அந்த வெட்கத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ரகசியம் என்று வரும்போது என் தராசு வேறு பக்கம் சாய்கிறது. மறைப்பது எவ்வளவு உடலுழைப்பு என்பதை ஸெய்லியன் அளவுக்கு யாரும் காட்டியதில்லை. துடுப்பால் அடித்துக் கொன்றது சில நொடிகள்தான். அதற்குப் பிறகு உடலையும் படகையும் ஒளிக்க டாம் படும் பாட்டை, பேச்சே இல்லாமல், நிமிடக்கணக்கில் பார்க்க வைக்கிறார். ரோமில் ஃப்ரெடியைக் கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தால் அடித்துக் கொன்ற பிறகு, அந்தக் கனத்த உடலைக் கட்டடத்தின் மாடியிலிருந்து கீழே கொண்டுவரும் பகுதி இன்னும் நீளம். கட்டடத்துப் பூனை ஒன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பொறுமைக்காகவே 2024-இல் ஸெய்லியனுக்கு இயக்கத்துக்கான எம்மி விருது கிடைத்தது பொருத்தம் என்பேன். க்ளெமோனிடமும் இந்தக் கவனம் உண்டு: டாம், பிலிப்பின் கையெழுத்தைச் சுவரில் பெரிதாக ஒளிவீசி, அதன் மேல் கையை ஓட்டி ஓட்டிப் பழகும் காட்சியில் கள்ளக் கையெழுத்து ஒரு கைத்தொழிலாகிறது. மிங்கெல்லாவின் படத்தில் இந்த வேலைகள் சற்று அவசரமாக நகர்கின்றன. அவருடைய அக்கறை வேறொரு ரகசியத்தில் இருக்கிறது. டாமுக்கு டிக்கியின் மேல் இருப்பது காதல் என்பதை அவர் மறைக்கவில்லை. டிக்கி குளியல் தொட்டியில் கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் டாம், குளிர்கிறது, நானும் இறங்கலாமா என்று கேட்டுவிட்டு, மறுப்பு வந்ததும் நீ இருக்கும்போது இல்லை என்று திருத்திக்கொள்ளும் அந்த ஒரு நொடியில், கொலைக்கு வேண்டிய எல்லாமே அடங்கியிருக்கிறது.

முடிவுகளில் க்ளெமோனுடையதே பலவீனம். விற்பதற்காகப் படகைக் கரைக்கு இழுக்கும்போது, அதன் சுழலியில் சிக்கிய கம்பிவடத்தோடு பிணமும் வந்துவிடுகிறது. டாம் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டு தன் வாழ்வின் சிறந்த நாள் இது என்று நினைத்திருக்கிறான். காட்சியாக அது மறக்க முடியாதது. ஆனால் குற்றவாளி பிடிபட்டே ஆக வேண்டும் என்ற நியதிக்காகச் சேர்த்தது என்பது தெரிகிறது, ஹைஸ்மித்துக்கும் அது பிடிக்கவில்லை. அவருடைய ரிப்ளி 1991 வரை மொத்தம் ஐந்து நாவல்களில் தப்பித்துக்கொண்டே இருந்தவன். தொடரில், உண்மையான டிக்கியின் படத்தைக் காவல் ஆய்வாளர் ராவினி ஒரு புத்தகத்தில் கண்டு உறைந்துபோவதோடு கதை நிற்கிறது. நாவலின் போக்குக்கு இது நெருக்கமானது.

ஆகவே, மறைத்தலின் கலையைக் காண விரும்புகிறவர்கள் ஸெய்லியனின் எட்டுப் பகுதிகளையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வர்க்கப் பகையும் நடுப்பகல் வெயிலும் டெலானின் முகமும் போதுமென்றால் க்ளெமோன். ஒரு நட்பு எப்படி நஞ்சாகிறது என்று அறிய ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்பவரை, தயங்காமல் மிங்கெல்லாவிடம் அனுப்புவேன். அதன் கடைசிக் காட்சிக்காகவே அனுப்பலாம். டாமை உள்ளபடியே நேசிக்கும் பீட்டர் என்ற இசைக்கலைஞனும் அவனும் கிரீஸ் நோக்கிக் கப்பலில் போகிறார்கள். டிக்கியாகத் தன்னை அறிந்த ஒரு பெண்ணும் அதே கப்பலில் இருப்பதால், பீட்டரை உயிரோடு விட முடியாத நிலை. அறையில் படுத்திருக்கும் பீட்டரிடம் டாம், என்னைப் பற்றி நல்லதாகச் சில விஷயங்கள் சொல்லேன் என்று கேட்கிறான். அடுத்து நாம் பார்ப்பது தன் அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் டாமை; கேட்பது, நல்ல குணங்களை ஒவ்வொன்றாக அன்போடு அடுக்கிக்கொண்டே வந்து, மூச்சுத் திணறி நின்றுபோகும் பீட்டரின் குரலை. கப்பல் அசைய அசைய அலமாரிக் கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது.