பழைய ஃபோர்வீல் வாங்கியாச்சு: முதல் காசு டயருக்கா, வின்ச்சுக்கா, ஸ்நோர்கலுக்கா?

கோலாலம்பூரில் பத்து வயது தாண்டிய ஃபோர்வீல் பிக்கப், அது ஹைலக்ஸ் வீகோவோ, டிரைட்டனோ, டி-மேக்ஸோ, வாங்கியவர் யாரும் சும்மா இருப்பதில்லை. பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் பி5 வாகனச் சோதனை முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஸ்நோர்கல் (இஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "அண்ணே, முதல்ல எதைப் போடலாம்?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தான் ஓட்டுகிற இடத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறார். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட ஆளை: வாரம் முழுக்க ஃபெடரல் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருகிறவர், லீவு நாளில் உலு லங்காட், கோல குபு பாரு பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் நாலு நண்பர்களோடு இறங்குகிறவர், கையில் அளவான காசு உள்ளவர்.

ஒப்பீட்டுக்கு முன்னால் ஒரு செலவு இருக்கிறது. அதற்குப் போட்டியே கிடையாது: வண்டிக்கு அடியில் போய்ப் பார்ப்பது. பின் டிஃபரன்ஷியலில், அதாவது பின் அச்சின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டியில், இரண்டு திருகுகள் இருக்கும். மேலே உள்ள ஊற்றுத் திருகை முதலில் கழற்றுங்கள். கீழ்த் திருகை முதலில் கழற்றி எண்ணெய் முழுக்க வடிந்த பிறகு, மேல் திருகு துருப்பிடித்து அசையாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். முந்தைய சொந்தக்காரர் ஆற்றிலோ வெள்ளத்திலோ இறக்கியிருக்கிறார். வீகோவின் 2.5, 3.0 டீசல் இரண்டுக்கும் இஞ்சினின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை; மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றியதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 4ஜேஜே1 இஞ்சின் உள்ள டி-மேக்ஸுக்குச் செயின், அந்தக் கவலை இல்லை. நகரத்துக்குள்ளேயே ஓடிய வண்டியில், நாலு சக்கரத்தையும் மெதுவாக, அதிக விசையோடு ஓட்டும் 4எல் கியர் வருடக்கணக்கில் தொடப்படாமல் இருந்திருக்கும். போட்டுப் பாருங்கள், ஆனால் சரளை மண்ணில். காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, திரும்பும்போது பற்சக்கரங்கள் இறுகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் முதல் சண்டை டயர்தான்: தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி.யா, சேற்றுக்கென்றே ஆன எம்.டி.யா?

சேற்று டயரான எம்.டி.க்கு ஆதரவாகப் பேசுகிறவர்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் செம்மண் களிமண் சாதாரணச் சேறு இல்லை. மழை பெய்த அரை மணி நேரத்தில் ஏ.டி. டயரின் குறுகிய பள்ளங்களை அடைத்து, டயரை மொழுக்கென்று ஆக்கிவிடும். எம்.டி.யின் அகலமான பள்ளம் சக்கரம் வேகமாகச் சுழலும்போது அந்த மண்ணை வீசி எறிகிறது. இந்த வேலையில் நம் நாட்டுச் சரக்குக்கே பெயர் உண்டு: தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் தயாரான சில்வர்ஸ்டோன் எம்டி-117 டயரைத் தெரியாத ஃபோர்வீல்காரர் இங்கே குறைவு. 1997இல் தொடங்கி, மழைக்காலமாகப் பார்த்து நடத்தப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்குப் போகிறவரிடம் ஏ.டி. பற்றிப் பேசினால் சிரிப்பார்.

ஆனால் நம் ஆள் போட்டிக்குப் போகவில்லை. மாலை ஐந்து மணி மழையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். எம்.டி.யின் பெரிய ரப்பர் கட்டிகளில் மெல்லிய கீறல்கள் குறைவு. ஈரத் தாரைக் கவ்விப் பிடிப்பது அந்தக் கீறல்கள்தான். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா இறக்கத்தில், மழையில், முன்னால் போகிற லாரி திடீரென்று பிரேக் போட்டால் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். கூடவே இரைச்சல், சீக்கிரத் தேய்மானம், எண்ணெய்ச் செலவு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளிக்கு ஏறியதிலிருந்து, இந்தக் கடைசிக் கணக்கை யாரும் அலட்சியம் செய்வதில்லை.

என் தீர்ப்பு ஏ.டி. மழை நாளில் தோட்டத்துக்குள் ஒரு மேட்டில் தோற்கலாம். அங்கே இழுத்துவிட நண்பர்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் தோற்றால் யாரும் உதவ முடியாது. சேறே கதி என்று ஆகிவிட்டால், பழைய இரும்பு ரிம் நாலு தேடி எம்.டி.யை அதில் மாட்டி வைத்துக்கொள்வது பின்னால் பார்க்கலாம்.

வண்டியோடு வந்த டயர் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடவும் வேண்டாம். பக்கச் சுவரில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். 1417 என்றால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 265/70 ஆர் 16க்குப் பதில் 265/75 போட்டால் டயரின் விட்டம் சுமார் 26 மில்லிமீட்டர் கூடும், வண்டி அதில் பாதி உயரும். மீட்டர் 110 காட்டும்போது உண்மை வேகம் 113, 114 என்று இருக்கும்; சாலையோர வேகக் கேமராவுக்கு நம் மீட்டர் தெரியாது. அதற்கு மேல் போய் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.க்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது வண்டியின் உடம்பை உயர்த்தும் லிஃப்ட் கிட்டா, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரா? இரண்டுக்கும் விலையில் ஒப்பே இல்லை. ஆனாலும் ஒப்பிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்கியவர் முதலில் கேட்பது இரண்டு இஞ்ச் லிஃப்ட். பிக்கப்பில் தரையில் முதலில் இடிப்பது பின் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு. லிஃப்ட் போட்டால் உடம்பு உயரும், அந்தக் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். முன்பக்கம் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும் வாய்ப்பும் சேர்ந்துகொள்ளும். பழைய ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் மாற்றுங்கள், அது பராமரிப்பு. உயரத்துக்காக மாற்றுவதை ஒத்திப்போடலாம்.

கம்ப்ரசர் கையில் இருந்தால் மண்பாதை தொடங்கும் இடத்திலேயே 32இல் இருக்கும் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிடலாம். டயர் தரையில் நீளமாகப் படிந்து உட்காருவது கண்ணுக்கே தெரியும். சற்றுமுன் வழுக்கிய மேட்டில் அதே வண்டி ஏறிவிடும். தாருக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கெடும். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னப் பொட்டலம் இந்த அளவு டயருக்குத் திணறும். பேட்டரியில் நேராகக் கவ்வி மாட்டுகிற ரகமாக வாங்குங்கள்.

இழுவைச் சாமானுக்கு வருவோம். இங்கேதான் காசு அதிகமாக வீணாகிறது, ஆளுக்கும் ஆபத்து வருகிறது. போட்டியில் மூன்று: முன்பக்கம் மாட்டி, கம்பியை மோட்டாரால் சுற்றி இழுக்கும் வின்ச், இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பலகை.

வின்ச்சின் பெருமை, தனியாக மாட்டினாலும் வெளியே வரலாம் என்பது. சரி, கணக்குப் பார்ப்போம். சுமையோடு 2.8 டன் வரும் பிக்கப்புக்கு ஒன்றரை மடங்கு என்றால் 4.2 டன், அதாவது 9,500 பவுண்டு வின்ச். அந்த எண்ணும் உருளையில் கம்பியின் அடி அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைக்கும் இழுவிசை. கம்பி நிறையச் சுற்றியிருந்தால் குறையும். முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை குடிக்கும். பழைய வண்டியின் பழைய பேட்டரி அதைப் பார்த்ததே இல்லை. வின்ச்சைத் தாங்க இரும்பு பம்பர் வேண்டும், அந்த எடைக்கு முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், பம்பர் மாற்றத்துக்கு ஜே.பி.ஜே. என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும், காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். பிறகு கட்டுவதற்கு மரம் வேண்டும். தோட்டத்தில் இருப்பது செம்பனை. இளம் மரம் வேரோடு சாயும். முதிர்ந்த மரமானாலும் அது அடுத்தவர் சொத்து.

நாலு வண்டியாகப் போகிறவருக்குக் கயிறு போதும். சாதாரண டோ கயிறு வேண்டாம்; நீளக்கூடிய நைலான் கயிறு, 8 டன் தாங்குவது. முன் வண்டி மெதுவாக நகரும்போது கயிறு கால் பங்கு வரை நீண்டு, பிறகு சுருங்கி, புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அதே விசைதான் ஆபத்தும். டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையான டோ பாலில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. முன்பக்கம் அடியில் தெரியும் மெல்லிய வளையம் கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்கானது, அதுவும் கூடாது. ஆகவே கயிற்றை வாங்குவதற்கு முன், சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கும் தரமான கொக்கியை முன்னும் பின்னும் மாட்டுங்கள். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கலை வாங்கும்போது அதன் உடம்பில் 4.75 டன் என்று வார்த்திருக்கிறதா பாருங்கள். எழுத்தே இல்லாத பளபளப்புச் சாமான் வேலி கட்ட ஆகும். ஷேக்கலின் பின் ஆணியை முழுக்க முடுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி விடுங்கள், இல்லையென்றால் இழுத்த பிறகு கழற்ற சுத்தியல் தேட வேண்டியிருக்கும். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கு, சுற்றி நிற்கும் பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைவிடத் தூரத்தில்.

பலகை இரண்டாவது இடம். ஆற்று மணலில் அருமை, ஆழக் களிமண்ணில் அதுவே புதைந்துவிடும். மலிவுப் பலகையில் சக்கரம் ஒருமுறை வெறுமனே சுழன்றாலே பற்கள் உருகிப்போகும். ஒரு நல்ல மண்வெட்டியைக் கூடவே வையுங்கள், அதுதான் அதிகம் உழைக்கும்.

ஸ்நோர்கல்? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்த பிறகு அந்த ஆசை யாருக்கும் வரும். ஆனால் இஞ்சின் மூச்சு விடும் இடத்துக்குத் தண்ணீர் ஏறுவதற்கு வெகு முன்னாலேயே டிஃபரன்ஷியல் மூழ்கிவிடுகிறது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். அந்த மூச்சுக்குழாயை ரப்பர் குழாயால் நீட்டி இஞ்சின் அறையின் உச்சிக்குக் கொண்டுபோவது ஒரு மதியத்து வேலை, செலவும் சொற்பம். ஸ்நோர்கலுக்கோ மட்கார்டில் ஓட்டை போட வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டி வரை இணைப்பு இறுக்கமாக இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரக் குழாய். பழைய வண்டிகளில் ஏற்கெனவே மாட்டியிருப்பதில் பல அப்படித்தான், திறந்து பாருங்கள். ஃபோர்டு ரேஞ்சர் டி6 பிக்கப்புக்குக் கம்பெனி சொல்லும் நீராழம் 800 மில்லிமீட்டர். நம் ஆள் இறங்கும் ஓடைக்கு அதில் பாதி போதும்.

கூரை ரேக், கூடாரம், குளிர்ப்பெட்டி எல்லாம் காசு மிஞ்சினால். எல்.இ.டி. விளக்குப் பட்டையைப் பொதுச் சாலையில் எரியவிட்டால் சம்மன் வரும். பத்து வயது வண்டியின் முன்விளக்கு மூடி வெயிலில் மஞ்சளடித்திருக்கும். அதை நீர்த்தாளால் தேய்த்துப் பாலிஷ் போட்டு, புது பல்பு மாட்டினால் ராத்திரி தோட்டத்துப் பாதைக்கு அந்த வெளிச்சமே தாராளம்.