ஃபெரி டிக்கெட்: நேரடியாக எடுப்பதா, கிளப் வழியாகவா? மோட்டார்ஹோமில் 9 ஆண்டு அனுபவம்

2016 ஏப்ரலில் மோட்டார்ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) வாங்கினோம். இங்கிலாந்தில் லெஸ்டரில் வீடு. வண்டி வாங்கியதிலிருந்து 17 முறை அதை ஃபெரியில், அதாவது வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில், ஏற்றிக் கடலைத் தாண்டிப் போய் வந்திருக்கிறோம். பெரும்பாலும் டோவரிலிருந்து பிரான்சின் கலே, சில தடவை போர்ட்ஸ்மத்திலிருந்து அதே நாட்டின் நார்மண்டிக் கரையில் உள்ள விஸ்த்ரெயாம், இரண்டு தடவை ஸ்பெயினின் சான்டாண்டர். ஏறக்குறையப் பாதி டிக்கெட் கப்பல் நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தது, மீதி கிளப் வழியாக. ஒவ்வொரு பயணத்துக்கும் என் மனைவி நோட்டில் கணக்கு எழுதிவைப்பாள். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டனில் கேரவனும் மோட்டார்ஹோமும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பெரிய கிளப்கள் உண்டு. ஒன்று 1901இல் தொடங்கியது, மற்றது 1907இல். பின்னது 2017இல்தான் தன் பெயரில் மோட்டார்ஹோமையும் சேர்த்துக்கொண்டது. வண்டியை நிறுத்தித் தங்கும் தளங்கள், காப்பீடு இவற்றோடு ஃபெரி டிக்கெட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். சந்தாவைத் தள இரவுகளின் தள்ளுபடியிலேயே எடுத்துவிடலாம் என்பதால் டிக்கெட் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை.

முதலில் விலை. எல்லோரும் கேட்பது இதைத்தான், ஆனால் சொல்ல அதிகம் இல்லை. டோவர்–கலே 90 நிமிடப் பயணம். நோட்டின்படி கிளப் விலை சில முறை 5 பவுண்டு குறைவு, சில முறை 10 பவுண்டு அதிகம். நிறுவனமே சலுகை அறிவிக்கும் வாரங்களில் நேரடி விலையைக் கிளப்பால் தொட முடிந்ததில்லை. நீண்ட பயணத்தில் நிலைமை வேறு. சான்டாண்டருக்கு இரண்டு முறையும் கிளப் விலைதான் குறைவு, ஒருமுறை 60 பவுண்டுக்கு மேல். புதிதாக வண்டி வாங்கியவர்கள் விலை ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கும். பணம் உண்மையில் போவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, வண்டியின் நீளம். எங்கள் வண்டி ஆவணத்தின்படி 6.99 மீட்டர். பின்னால் சைக்கிள் தாங்கி மாட்டினால் எவ்வளவு என்று ஒரு சனிக்கிழமை வாசலில் அளந்து பார்த்தோம். மனைவி டேப்பின் ஒரு முனையை முன் பம்பரில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் பின்பக்கம் சைக்கிள் சக்கரத்தின் விளிம்புவரை இழுத்தேன். 7.62. சாட்டிலைட் டிஷ்ஷையும் சேர்த்தால் உயரம் 3.1 மீட்டர். கப்பலில் இடம் என்பது வண்டிகள் நிற்கும் தட்டின் நீளமும் கூரையின் உயரமும்தான், கட்டணமும் அதை வைத்தே படிப்படியாக ஏறும். துறைமுகத்தில் சந்தேகம் வந்தால் அளந்து, வித்தியாசத்தை அங்கேயே வாங்கிவிடுவார்கள். கப்பல் நிரம்பியிருந்தால் அடுத்த கப்பல்தான்.

நேரடியாக எடுக்கும்போது இந்த எண்களை நாமே உள்ளிடுகிறோம், தப்பு நடந்தால் நம் தப்பு. கிளப் வழியாக எடுக்கும்போது நம் கணக்கில் ஏற்கெனவே பதிவான வண்டி விவரம் அப்படியே போய்விடும். 2018இல் எங்களுக்கு அதுதான் நடந்தது. தாங்கி வாங்குவதற்கு முன் கொடுத்த 6.99தான் டிக்கெட்டில் இருந்தது. புறப்படுவதற்கு முந்தின வாரம் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அதன் பிறகு கிளப்பில் டிக்கெட் எடுத்த அன்றே கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணை வாங்கி, அவர்கள் இணையதளத்தில் நுழைந்து நீளம், உயரம், கைபேசி எண் மூன்றையும் சரிபார்க்காமல் நான் தூங்கியதில்லை. கைபேசி எண் ஏன் என்றால், கப்பல் தாமதம் என்ற குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. ஒருமுறை அது கிளப்பின் மின்னஞ்சலுக்குப் போய், எங்களுக்கு வந்து சேர்ந்தபோது கப்பலின் புது நேரமே நெருங்கிவிட்டது.

இரண்டாவது இடம், தேதி மாற்றம். 2019 செப்டம்பர், பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் இருந்தோம். சனிக்கிழமை மதியம் மாமனாரை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக ஃபோன் வந்தது. எங்கள் திரும்பும் கப்பல் வியாழக்கிழமைதான், டிக்கெட் கிளப் வழியாக எடுத்தது. உடனே வண்டியைக் கிளப்பி விஸ்த்ரெயாம் துறைமுகத்துக்கு வந்து கவுன்டரில் கேட்டேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: பதிவு முகவருடையது, அதாவது கிளப்புடையது, மாற்றும் பொத்தான் மங்கலாக இருந்தது. “முகவர் மாற்றினால்தான் உண்டு, எங்களால் தொட முடியாது.” கிளப்பின் எண்ணுக்கு அடித்தால் திங்கள் காலை ஒன்பது மணிக்குத் திறப்போம் என்று பதிவுக் குரல். “ஏங்க, பணத்தைப் பார்க்காதீங்க, புது டிக்கெட் எடுங்க” என்றாள் மனைவி. எடுத்தோம். அன்றிரவுக் கப்பலில் ஒருவழி டிக்கெட், கடைசி நிமிட விலை. பழைய டிக்கெட்டில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. நல்லவேளை, மாமனார் பிழைத்துக்கொண்டார்.

நேரடியாக எடுத்திருந்தால் அதே கவுன்டரில் விலை வித்தியாசத்தைக் கட்டி ஐந்து நிமிடத்தில் மாற்றியிருக்கலாம். ஊகமாகச் சொல்லவில்லை. 2023இல் புயலால் எங்கள் கலே கப்பல் ரத்தானது. அது நேரடி டிக்கெட். சாலையோர நிறுத்தத்தில் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி வந்தது, அதிலிருந்த இணைப்பை அழுத்தி மறுநாள் காலைக் கப்பலுக்கு மாற்றிக்கொண்டோம். கெட்டில் கொதிப்பதற்குள் வேலை முடிந்தது.

இதற்காகக் கிளப் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சான்டாண்டர் பயணத்துக்கு நான் இன்றும் கிளப்புக்குத்தான் போவேன். கடலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும், பிஸ்கே வளைகுடாவைக் கடக்க வேண்டும், அறை எடுக்க வேண்டும், அந்தப் பக்கம் மூன்று நான்கு தளங்களில் இடம் பிடிக்க வேண்டும். (இந்தக் கடல் வழியை நடத்தும் பிரிட்டனி ஃபெரீஸ், பிரான்சின் பிரிட்டனிப் பகுதி விவசாயிகள் தங்கள் காலிஃபிளவரையும் ஆர்ட்டிசோக்கையும் இங்கிலாந்தில் விற்பதற்காகத் தொடங்கியது. 1973 ஜனவரியில் ரோஸ்காஃபிலிருந்து பிளிமத்துக்கு முதல் பயணம். அந்தக் கதை தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கப்பல்கள் மேல் தனிப் பிரியம்.) 2022இல் கப்பல் நேரம் ஒரு நாள் தள்ளிப்போனது. கப்பலையும் தளங்களையும் ஒரே பதிவாகக் கிளப்பில் எடுத்திருந்ததால், அவர்களே அழைத்து, தளத் தேதிகளையெல்லாம் நகர்த்தி, புதுத் தாள்களை அனுப்பினார்கள். அதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. பிரிட்டனில் 2018 முதல் நடப்பில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படி, கப்பலும் தங்குமிடமும் ஒரே பேக்கேஜாக விற்கப்பட்டால் முழுப் பயணத்துக்கும் விற்றவரே பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் நான்கு தளங்களுக்கு அரைகுறை ஸ்பானிஷில் நான்தான் ஃபோன் போட்டிருக்க வேண்டும்.

பணம் கட்டுவதிலும் ஒன்றைக் கவனியுங்கள். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. விற்றவர் கைவிட்டால் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் பணத்தை வாங்கியவர் முகவர், சேவை தருபவர் வேறொருவர் என்றால் அந்தக் கண்ணி அறுந்துபோகலாம். கிளப்பில் டிக்கெட் மட்டும் எடுப்பவர்கள் கார்டு ரசீதில் யார் பெயர் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமத இழப்பீட்டில் இரண்டு வழிக்கும் வேறுபாடு இல்லை. நான்கு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதம். பாதுகாப்பாகக் கப்பல் ஓட்ட முடியாத வானிலை என்றால் கிடையாது. இரண்டு மாதத்துக்குள் புகார் எழுத வேண்டும். கிளப்பில் எடுத்தவர்களிடமிருந்து அந்தப் பயணக் கட்டணம் எவ்வளவு என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். தளங்களோடு சேர்த்து ஒரே தொகையாக ரசீது இருந்தால் இழுபறிதான். பிரித்து எழுதித் தரச் சொல்லி முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

கப்பலில் ஏறும்போது எந்த டிக்கெட்டாக இருந்தாலும் ஒன்றுதான். கேஸ் சிலிண்டரின் வால்வை மூட வேண்டும், திருட்டு அலாரத்தின் அசைவு உணர்வியை அணைக்க வேண்டும், வண்டியை விட்டு மேலே போய்விட வேண்டும். இறைச்சியும் பாலும் 2021இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. சாம்பார்ப் பொடி, புளி, அரிசி எடுத்துப் போகிறோம், இதுவரை யாரும் கேட்டதில்லை. 90 நாள் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். 180 நாளில் 90க்கு மேல் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு தங்க முடியாது. திரும்பும் தேதியை மாற்றும் வசதி எனக்கு இவ்வளவு முக்கியமாகப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த மே மாதம் ஹாரிச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹுக் வான் ஹாலந்துக்குப் போகிறோம், இரவுக் கப்பல். போன வாரம் இரண்டு பக்கமும் விலை கேட்டேன். கிளப்பில் 11 பவுண்டு குறைவு. மாமனாருக்கு அந்த மாதம் கண் அறுவை சிகிச்சை, தேதி இன்னும் கொடுக்கவில்லை. நேரடியாகவே, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்துவிட்டேன். நீளம் 7.62 என்று போட்டேன். பக்கத்தில் நின்று மனைவி ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.